நாற்பதாம் நம்பர் நூல்

அவர் யாரையும் அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் வீண்பழி போடுகிறேன் என்று ராஜபாளையத்தில் இன்றைக்கும் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்" என்று பெற்றவர்களே வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் போன காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில் அவருடைய அறையில் ஒரு பிரம்புகூடக் கிடையாது. குரலை உயர்த்திப் பேசமாட்டார். பெண் பிள்ளைகளைத் தாயி என்பார், பையன்களை ஐயா என்பார். அவர் எங்களுக்குச் செய்ததையெல்லாம் இந்த மரியாதையோடுதான் செய்தார்.

அவர் வாத்தியாருக்குப் படித்தவர் இல்லை. பஞ்சாலையில் டபுளிங் பிரிவில் மேற்பார்வை பார்த்தவர். இரண்டு ஒற்றை நூல்களைச் சேர்த்து முறுக்கி ஒரே நூலாக்குகிற பிரிவு அது. எங்கள் பள்ளிக்கூடமோ அரசாங்கம் சம்பளம் கொடுக்க, ஊர்க் கமிட்டி ஒன்று பேருக்கு நடத்திவந்த பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்பில் தேறுகிறவர்களை ஒரு கையிலேயே எண்ணிவிடலாம். மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள், சோழபுரம் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளைகள், நல்ல பள்ளிக்கூடங்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய பிள்ளைகள், எல்லோரும் அங்கேதான் வந்து சேர்வோம். எண்பதுகளின் நடுவில் அதை மூடிவிடலாம் என்று பேச்சு வந்தபோது ஒரு மில் முதலாளியின் அறக்கட்டளை எடுத்து நடத்த முன்வந்தது. படிப்பு ஏறாத பிள்ளைகளைக் கைதூக்கிவிடப் போகிறோம் என்று வாசலில் பெரிதாக எழுதி வைத்தார்கள். தூக்கிவிடுவதற்கு இவரை அனுப்பினார்கள். காகிதத்தில் அவருக்கு மேனேஜர் என்று பெயர். எங்களுக்கு டபுளிங் சார்.

அரைக்கை வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டாத வேட்டி, சட்டைப்பையில் எப்போதும் ஒரு கொத்துப் பஞ்சு. பேசிக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்து இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவில் வைத்து இழுத்து, நீளம் பார்த்து, மறுபடி பைக்குள் போட்டுக்கொள்வார். மிஷின் சத்தத்தில் இடது காது போய்விட்டது என்பார்கள். மில்லில் வேலை பார்ப்பவர்கள் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள், எங்கள் அம்மா உட்பட. இவர் மட்டும் மெதுவாகப் பேசுவார். நாம் பதில் சொன்னால் வலது காதை நம் பக்கம் திருப்பி, "கேக்கலை தாயி, இந்தப் பக்கம் வந்து நல்லாச் சொல்லு" என்பார். சொல்லக் கூசுகிற எதையும் அவரிடம் ஒரு தடவை சொல்லித் தப்பிக்க முடியாது. இரண்டாம் தடவை சத்தமாகச் சொல்ல வேண்டும்.

வந்த முதல் வாரம் எங்கள் பத்தாம் வகுப்பில் நாற்பத்தொரு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். இவ்வளவு மோசமான பள்ளிக்கு வந்த மனிதர் ஏதாவது வாசிக்கச் சொல்வார், பெருக்கல் கேட்பார் என்று பயந்துகொண்டே போனோம். அவர் கேட்டது ஒரே கேள்வி. "உன் பக்கத்துல உக்காந்திருக்கிற பிள்ளைக்கு என்னென்ன தெரியாது? நீயே சொல்லு."

நீயே சொல்லு. அவர் வாயில் அதிகம் வந்த வார்த்தை இதுதான். எங்களுக்கானால் ஒரே கொண்டாட்டம். அதுவரை யாரும் எங்களிடம் எதையும் கேட்டதில்லை. அவளுக்குப் பின்னக் கணக்கு வராது சார், இவனுக்கு இங்கிலீஷில் தன் பேரையே எழுதத் தெரியாது சார், அவன் காப்பியடிக்கிறான் சார் என்று போட்டி போட்டுக்கொண்டு ஒப்பித்தோம். அவர் ஒரு வரிகூட எழுதிக்கொள்ளவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு பஞ்சை இழுத்துக்கொண்டிருந்தார். நான் பத்து நிமிஷம் பேசியிருப்பேன். நான் முடித்ததும், "நல்ல நீளம்" என்றார். என்னைச் சொல்கிறார் என்று அப்போது புரியவில்லை.

அவரைப் பற்றி அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். அதே மில்லில் அவருக்குக் கீழே டபுளிங் பிரிவில்தான் அம்மா இருந்தாள். ஒரு வருடம் கரண்ட் வெட்டு அதிகமாகி ஒரு ஷிப்டையே நிறுத்த வேண்டி வந்திருக்கிறது. மற்ற பிரிவுகளில் மேஸ்திரிகள் இஷ்டத்துக்குப் பெயரை அடித்தார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. பக்கத்துப் பக்கத்து மிஷினில் நிற்கிற இரண்டு இரண்டு பேராகக் கூப்பிட்டு, ஒவ்வொருவரிடமும் தனியாக, "உங்க ரெண்டு பேருல யாரு நிக்கணும்? நீயே சொல்லு" என்று கேட்டிருக்கிறார். அம்மா சொன்னாள். யாரை என்று எனக்கு அவள் சொன்னதில்லை. ஆனால் எங்கள் வளவில் நாலாவது வீட்டு அத்தை என்னோடு பேசுவாள், அம்மாவோடு பேசமாட்டாள். குழாயடியில் அம்மாவின் குடம் வந்தால் தன் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

"அவிய யாரையும் நிறுத்தலட்டி. நாங்களேதான் நிறுத்திக்கிட்டோம்" என்று அம்மா சொல்வாள். அதில் துளியும் குறை இருக்காது. "நேர்மையான மனுசரு. அவியட்ட ஓரவஞ்சனையே கிடையாது."

வகுப்பை அவர் இரண்டிரண்டாகப் பிரித்தார். படிக்கிற பிள்ளை ஒன்று, படிக்காத பிள்ளை ஒன்று. ஒரே பெஞ்சு, ஒரே புத்தகம். வெள்ளிக்கிழமை பரீட்சையில் இரண்டு பேரும் தேற வேண்டும். ஒருத்தி தேறாவிட்டாலும் இரண்டு பேரும் தேறாத மாதிரி. "டபுளிங்ல ஒரு நூல் அறுந்தா மறு நூலும் நிக்கணும். இல்லேன்னா சரக்கு முழுக்க வீணாப்போகும்" என்று பிரார்த்தனைக் கூட்டத்தில் விளக்கினார். இரண்டு பேரும் பத்தாவது தேறினால் பதினொன்றும் பன்னிரண்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில் படிக்க எல்லாச் செலவும் மில்லைச் சேர்ந்தது. ஒருத்தி விழுந்தால் இரண்டு பேருக்கும் இல்லை.

எனக்கு அது வேண்டியிருந்தது. வெறியாக வேண்டியிருந்தது என்றே எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றால் அம்மாவுக்குப் பக்கத்து மிஷினில் எனக்கு இடம் தயாராக இருந்தது. அம்மா மேஸ்திரியிடம் சொல்லியே வைத்துவிட்டாள். ஷிப்டு முடிந்து தலையெல்லாம் பஞ்சு படிந்து வரும் அம்மாவைப் பார்க்கும்போதெல்லாம், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற என்னை நினைத்துக்கொள்வேன்.

எனக்கு ஜோடியாகச் சுப்புத்தாயைப் போட்டார்.

சுப்புத்தாய் சோழபுரத்திலிருந்து வருவாள். விடியும் முன்னே எழுந்து மாட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு முதல் பஸ்ஸில் வருகிறவள். இரண்டாவது பாடவேளையில் கண் சொருகிவிடும். மக்கு என்று சொல்ல முடியாது. எதைக் கொடுத்தாலும் மனப்பாடம் செய்துவிடுவாள். ஒரு கணக்கைப் பத்துத் தடவை செய்தால் பதினோராவது தடவை கண்ணை மூடிக்கொண்டு எழுதுவாள். கணக்கில் ஒரே ஓர் எண்ணை மாற்றிவிட்டால் போச்சு, பேனாவை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். "போன தடவை ஏழு இருந்துச்சேட்டி, இப்ப எங்க போச்சு?" என்பாள். சிரித்துக்கொண்டே கேட்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பரீட்சையில் விழுந்த ஜோடிக்கு அவர் கொடுத்த தண்டனையைச் சொல்ல வேண்டும். தண்டனை என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். திங்கட்கிழமை காலை இருவரையும் கூப்பிட்டு, ஒருத்தியின் இடது மணிக்கட்டையும் மற்றவளின் வலது மணிக்கட்டையும் ஒரு முழ நூலால் கட்டிவிடுவார். நாற்பதாம் நம்பர் ஒற்றை நூல். கொஞ்சம் வெடுக்கென்று இழுத்தாலே அறுந்துவிடும். சாயங்கால மணி அடிக்கிற வரைக்கும் அது அறாமல் இருக்க வேண்டும். சாப்பிடப் போனாலும் குழாயடிக்குப் போனாலும் மறைவுக்குப் போனாலும் இருவரும் சேர்ந்தே போக வேண்டும். தடியான கயிற்றால் கட்டியிருந்தால் எங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது எங்களைக் கட்டியிருக்கும், அவ்வளவுதான். இந்த நூலை நாங்கள் அல்லவா காப்பாற்ற வேண்டியிருந்தது.

அறுந்துவிட்டால் இருவரையும் நிறுத்தி வைத்துக் கேட்பார். "யாரு இழுத்தது? நீயே சொல்லு, ஐயா." இருவருமே மற்றவனைக் காட்டுவார்கள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார். தீர்ப்பு எதுவும் சொல்லமாட்டார். புது நூல் ஒன்றை எடுத்துக் கட்டிவிட்டுப் போய்விடுவார். சிநேகிதர்களாக இருந்தவர்கள் சாயங்காலத்துக்குள் பகையாளி ஆகியிருப்பார்கள்.

ஒன்று மட்டும் மறைக்கக் கூடாது. அவர் முறை பலித்தது. காலாண்டுப் பரீட்சையில் பாதி வகுப்பு கரையேறியது. பேப்பரில் ஒரு வரி வாசிக்கத் தெரியாத பையன்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பார்க்க வந்த கல்வி அதிகாரி சுற்றிவிட்டு, எல்லாப் பள்ளிகளும் இங்கே வந்து பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். அன்றைக்கும் இரண்டு ஜோடிகளுக்கு நூல் கட்டியிருந்தது. அதிகாரி அதைப் பார்த்து, கோவில் கயிறா என்று கேட்டார். ஆமாம் சார் என்றார்கள் பிள்ளைகள்.

ஜோடி பிரித்த அன்றைக்கு நடந்தது ஒன்று. கறிக்கடையில் வேலை பார்த்த ஒருவருடைய மகன்கள் இருவரும் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். பெரியவன் ஒரு வருடம் தோற்றதால் தம்பியோடு வந்து உட்கார்ந்தவன். இருவருக்குமே படிப்பு சுமார். அவர்களைத் தாங்குவதற்குப் படிக்கிற பிள்ளை ஒன்றுதான் மிச்சம் இருந்தது. டபுளிங் சார் தகப்பனை வரவழைத்தார். மகன்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, நாங்கள் எல்லோரும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்க, கேட்டார்.

"பாய், உங்க ரெண்டு மகன்கள்ல யாருக்குப் படிப்பு ஏறும்? நான் வெளியாளு. நீங்களே சொல்லுங்க."

"ரெண்டு பேருமே படிக்கட்டும் சார். எப்பாடு பட்டாவது படிக்க வச்சிருதேன்."

"கேக்கலை. இந்தப் பக்கம் சொல்லுங்க."

பாய் டீயைக் குடிக்கவே இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முறுக்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் பெரியவனைப் பார்க்காமல், "மூத்தவன் என்கூடக் கடைக்கு வரட்டும் சார்" என்றார். மூத்தவன் உடனே தன் பையை எடுத்துக்கொண்டு வந்தான். அப்பாவும் மகனும் ஒரே சைக்கிளில் போனதைப் பார்த்தோம். மகன் பின்னால் உட்கார்ந்து, அப்பாவின் இடுப்பைப் பிடிக்காமல் கேரியரைப் பிடித்துக்கொண்டு போனான்.

எனக்கு அன்றைக்கு அந்தத் தகப்பன்மேல் கோபம் வந்தது. டபுளிங் சார்மேல் வரவில்லை. அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

நாங்கள் இரண்டு தடவை நூல் கட்டிக்கொண்டோம். இரண்டும் சுப்புத்தாயின் கணக்குப் பேப்பரால். என் இடது கையும் அவள் வலது கையும். அவள் எழுதுகிற கை அதுதான். நூல் இழுபடக் கூடாது என்று எழுத்தையே பொடிப்பொடியாக எழுதினாள். மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்து, வெள்ளரிப்பிஞ்சு கொண்டு வந்திருந்ததை இடது கையால் எனக்கு எடுத்து வைத்தாள். நான் தின்றேன். தின்றுவிட்டு அடுத்த பாடவேளையில் அவள் மறுபடியும் ஈவைத் தப்பாகப் போட்டபோது, ஜாமெட்ரி பாக்ஸில் இருந்து காம்பஸை எடுத்து அவள் முன்கையில் குத்தினேன். ஒன்றும் தெரியாமல் பட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. மெதுவாக, முனையை வைத்து அழுத்தினேன். அவள் "ஸ்" என்றாள், கையை இழுக்கவில்லை. இழுத்தால் நூல் அறுந்துவிடும்.

அதன் பிறகு அது பழக்கமாகிவிட்டது. ஒரு தப்புக்கு ஒரு குத்து. அவளுக்குப் பாடம் ஏறுவதற்காகத்தான் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவளைக் குத்துவது எனக்குப் பிடித்திருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அரையாண்டில் சுப்புத்தாய் மறுபடி கணக்கில் விழுந்தாள், மூன்றே மூன்று மார்க்கில். திங்கட்கிழமை நூல் கட்டும்போது அவர் அவள் கையைத் திருப்பி, முன்கையைச் செத்த நேரம் பார்த்தார். பொட்டுப் பொட்டாகக் கறுத்துப் போயிருந்தது. அவர் முடிச்சை இறுக்கிவிட்டுப் போய்விட்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மூன்று தடவை அறுந்த நூலை ஒட்டக் கூடாது என்பது அவர் மில்லிலிருந்து கொண்டுவந்த சட்டம். மூன்று தடவை விழுந்த ஜோடிக்கும் அதுதான். பொதுத்தேர்வுக்குப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியல் அந்த வாரம்தான் அனுப்ப வேண்டும். பட்டியல் போவதற்கு முன்னால் ஜோடியைப் பிரித்துவிட்டால் மிச்சமிருக்கிறவளைத் தனி நூலாக எடுத்துக்கொள்வார்கள். அவள் தேறினால் போதும், ஸ்ரீவில்லிபுத்தூர் உண்டு. பிரிக்கப்பட்டவளுக்கு டி.சி. கொடுத்துவிடுவார்கள். எங்காவது டுட்டோரியலில் சேர்ந்து எழுதிக்கொள்ளலாம் என்பார்கள். டுட்டோரியலுக்கு யார் போனார்கள்? யாரும் போகவில்லை.

அன்றைக்கு இராத்திரிச் சோற்றைப் போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள். "என்னட்டி, கேட்டாவளா?"

"இன்னும் கேக்கலை."

"கேட்டா சொல்லிரு. யோசிச்சுக்கிட்டு நிக்காத. நான் அன்னைக்குச் செத்த யோசிச்சேன். யோசிச்சது ஒண்ணுதான் மிச்சம், சொல்லத்தான் செஞ்சேன்."

மறுநாள் காலை, முதல் பாடவேளை. அவர் வகுப்புக்குள் வந்து எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றார். என்னை எழுந்து நிற்கச் சொன்னார். அவருடைய கை சட்டைப்பைக்குப் போனது. பஞ்சை எடுத்தார்.

"தாயி, பட்டியல் இன்னைக்குப் போகுது. உன் ஜோடியை வச்சுக்கிடணுமா, எடுத்துறணுமா? எனக்கு ஒண்ணும் தெரியாது. கூட இருந்தவ நீதான். நீயே சொல்லு."

சுப்புத்தாய் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பயந்த மாதிரி இல்லை. நான் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது எப்படிப் பார்ப்பாளோ அப்படியேதான் பார்த்தாள்.

"எடுத்துருங்க சார்" என்றேன்.

வலது காதைத் திருப்பினார். "கேக்கலை தாயி. நல்லாச் சொல்லு."

"சுப்புத்தாயை எடுத்துருங்க சார்."

வகுப்பு முழுவதும் கேட்டது. அடுத்த வகுப்பிலும் கேட்டிருக்கும். சுப்புத்தாய் எழுந்தாள். புத்தகம் ஒன்றுதான், அது என் பக்கம் இருந்தது, அதைத் தொடவில்லை. நோட்டுகளை அடுக்கினாள். தூக்குச்சட்டியை எடுத்தாள். பிறகு அவரிடம் கேட்டாள்.

"சார், எங்க ஊருக்குச் சாயங்காலம்தான் பஸ்ஸு. அதுவரைக்கும் இங்கன உக்காந்துக்கிடட்டுமா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு, தாயி."

இருக்கட்டும் சார் என்று இரண்டு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் பட்டியலில் ஒன்றும் மாறியிருக்காது, எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நான் பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுப்புத்தாய் கொஞ்ச நேரம் எனக்காகக் காத்திருந்தாள். பிறகு, "பரவால்ல சார், வெளிய இருந்துக்கிடுதேன்" என்று போய்விட்டாள். கொடிக்கம்பத்து மேடையில், வெயிலில், நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறந்து தனியாகச் சாப்பிட்டாள். சாயங்கால மணி அடித்து நான் வெளியே வந்தபோது அவள் போயிருந்தாள்.

நான் தேறினேன். பள்ளியில் முதலாவதாக வந்தேன். அந்த வருடம் பட்டியலில் இருந்த அத்தனை பேரும் தேறிவிட்டதாக வாசலில் எழுதிப்போட்டார்கள். உண்மைதான், பட்டியலில் இருந்தவர்கள் எல்லோரும் தேறினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் படித்தேன். தினமும் பஸ்ஸில் ஜன்னலோரம்தான் உட்கார்ந்தேன். ஆசிரியர் பயிற்சி முடித்தேன். சுப்புத்தாயைச் சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி மடிக்கிற இடத்தில் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள். போய்ப் பார்க்கவில்லை. ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி எவ்வளவு பக்கம் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அதே அறக்கட்டளை ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஒரு பள்ளியை எடுத்து நடத்தத் தொடங்கியது. அதே மாதிரிப் பிள்ளைகள், அதே மாதிரி வாசல் எழுத்து. நான் ஒரு பள்ளியில் தற்காலிக வேலையில், அடுத்த ஜூனில் வைப்பார்களா மாட்டார்களா என்று தெரியாமல் இருந்தேன். ஒருநாள் ஆள் வந்து, மேனேஜர் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார் என்றான்.

தலை வெளுத்திருந்தது. சட்டைப்பையில் பஞ்சு இருந்தது. மேசையில் பால்கோவா டப்பா ஒன்றை என் பக்கம் தள்ளி, "சாப்பிடு தாயி" என்றார். இங்கே தலைமையாசிரியை வேலை இருக்கிறது, நிரந்தரம், உன்னைத்தான் போடச் சொல்லியிருக்கிறேன் என்றார். என்னைவிடப் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே சார் என்றேன், பணிவுக்காக.

"படிப்பு எல்லாருட்டயும் இருக்கு தாயி. உன் ஜோடி ஒருத்தி இருந்தாள்ல, சோழபுரத்துப் பிள்ளை. அரையாண்டு முடிஞ்சதும் அவளைத்தான் மொதல்ல தனியாக் கூப்பிட்டேன். கையெல்லாம் குத்தின தடம். குத்தினது யாருன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் நான் சொல்லக் கூடாதுல்லா. 'நீயே சொல்லு தாயி, அவ பேரைச் சொல்லு, அவளை எடுத்துட்டு உனக்கு வேற நல்ல ஜோடி போட்டுத் தாரேன், உனக்குப் பாடம் ஏறும்'னேன். கருவேல முள்ளு கீறிட்டு சார்ங்கா. மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் கருவேல முள்ளு."

பஞ்சை எடுத்து இழுத்தார். நார் நீளமாக வந்தது.

"சொல்லத் தெரியாத பிள்ளையை வச்சுக்கிட்டு என்ன செய்ய? பொறவு உன்கிட்டக் கேட்டேன். நீ உடனே சொல்லிட்ட."

"ரெண்டு தடவை சொல்ல வச்சீங்க சார்."

"வகுப்புக்கும் கேக்கணும்லா, தாயி" என்றார். நல்ல நினைவு ஒன்றைப் பேசுகிற முகத்தோடுதான் சொன்னார்.

எழுந்து வந்திருக்கலாம். அந்தப் பால்கோவா டப்பாவைத் தூக்கி அவர் முகத்தில் எறிந்திருக்கலாம். எத்தனையோ தடவை மனதுக்குள் எறிந்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு வந்தது அழுகை. அதைக்கூட அடக்கிக்கொண்டேன், நிரந்தர வேலை கிடைக்கும்போது அழுதால் தப்பாக நினைத்துக்கொள்வாரோ என்று.

அவர் ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். புதுப் பள்ளியின் பத்தாம் வகுப்புப் பெயர்கள், ஊர் பேரோடு. பிள்ளைகள் யாரையும் நான் பார்த்ததுகூடக் கிடையாது.

"எண்ணிப் பாத்தேன், முப்பத்தொண்ணு வருது. டபுளிங்குக்கு ஒத்த நூல் ஆகாது. ஒரு பேரை எடுக்கணும். இனிமே நீதானே எச்.எம்மு." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "நீயே சொல்லு, தாயி."

மேலிருந்து வாசித்துக்கொண்டு வந்தேன். பாதியில் ஒரு பெண் பெயருக்கு நேரே சோழபுரம் என்று இருந்தது. அந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. சுப்புத்தாய்க்கு என்னால் ஆன பரிகாரம் என்று அந்தப் பெயரை விட்டுவிட்டேன். அதற்கு அடுத்த பெயரைச் சொன்னேன்.

அவருடைய கேட்காத இடது காதுப் பக்கம்தான் நான் உட்கார்ந்திருந்தேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவருக்குக் கேட்டுவிட்டது.